தனியாகப் போனால் ஏன் பைக் தூக்கிப் போடுகிறது?

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ராசிபுரம் பக்கம் ஊர்ச்சாலையில் திரும்பி வேகத்தடை ஏறும்போதுதான் இடுப்பு வலிக்கும். உடனே "ஷாக் போச்சு" என்போம். பல நேரம் அது போயிருக்காது.

ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பரில் 5 படி வெட்டிய வளையம் ஒன்று உண்டு. அதைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று மெக்கானிக்குகளே சொல்வார்கள். ஆகாது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் தடிமனையும் சுற்றுகளையும் பொறுத்தது. வளையம் அதை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். பின்சீட்டில் ஆளும் மடியில் அரிசி மூட்டையுமாகப் போகும்போது அந்த அமுக்கம் வேண்டும். இல்லையென்றால் ஷாக் அடிவரை இறங்கி இடிக்கும். அதே படியில் தனியாகப் போனால் வண்டி உயர்ந்தே நிற்கும். குழி வரும்போது சக்கரம் கீழே இறங்க இடமிராது, பின்பக்கம் எகிறும்.

எகிறியதை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். சிறு துளைகள் வழியே அது நெருக்குண்டு பாய்வதால் ஆட்டம் அடங்குகிறது. சீட்டை அழுத்தி விட்டுப் பாருங்கள். பலமுறை ஆடினாலோ, எண்ணெய் கசிந்தாலோ ஷாக் உண்மையிலேயே போய்விட்டது.

ஷாக்கைக் குறை சொல்லும் முன் டயர் காற்றைப் பாருங்கள், வெயிலில் ஓட்டிய சூட்டில் அல்ல, காலையில். பிறகு வளையத்தை ஒரு படி குறையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.