கக்கூஸ் குழிக்கு ஆழம் எதற்கு?

கிணற்றுத் தண்ணீரையும் மனித உயிரையும் காக்கும் இரட்டைக் குழி

வீடு கட்டுகிறவர்கள் வாசற்கால் வைக்க நாள் பார்க்கிறார்கள். கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கிறார்கள். கக்கூஸ் குழி தோண்டும்போது மட்டும் எதையும் பார்ப்பதில்லை!

"எந்த மூலையில் இடம் மிச்சம் இருக்கிறதோ, அங்கே தோண்டு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்தக் குழி சரியாக அமைந்தால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வயலுக்கு நல்ல எரு கிடைக்கும். தவறாக அமைந்தால் குடிக்கிற தண்ணீர் கெடும். ஒரு மனிதனின் உயிரே போனாலும் போகும்.

திண்டுக்கல் மாவட்டம், பழனி வட்டத்தில் இருக்கிறது கீரனூர். (புதுக்கோட்டைப் பக்கம் உள்ள கீரனூர் வேறு.) இது பேரூராட்சி. ஆனாலும் ஊரைச் சுற்றி வயல்களும் தோட்டங்களும்தான். தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் வீட்டுக்குப் பாதாளச் சாக்கடை வந்து சேராது. வீட்டுக் கழிவை வீட்டு மண்ணிலேயேதான் தீர்க்க வேண்டும்.

அங்கேதான் இந்தப் பேச்சு நடக்கிறது:

"கொத்தனாரே, குழி எத்தனை அடி தோண்டணும்?"

"பதினஞ்சு அடி போட்டுருவோமுங்க. உறை இறக்கிட்டா உங்க காலத்துக்கும் அள்ள வேண்டியதில்லீங்க!"

இது கீரனூரில் மட்டும் கேட்கும் பேச்சு அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலும் கேட்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இதில் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் ஆபத்து: கிணறு

மண் ஒரு பெரிய வடிகட்டி. அதோடு அது ஒரு பெரிய சமையற்கூடமும் கூட! ஒரு கைப்பிடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் கழிக்கும் மலத்தைத் தின்று மக்கச் செய்பவை இவைதான்.

இவை எங்கே அதிகம் இருக்கின்றன? மேல் மண்ணில்! காற்றும் வெப்பமும் அங்கேதான் உண்டு. ஆழம் போகப் போக இவற்றின் கூட்டம் குறைந்துவிடும்.

காந்தியடிகள் கிராமச் சுகாதாரம் பற்றி எழுதும்போது இதை வற்புறுத்தினார். மலத்தை ஆழத்தில் புதைக்காமல், உயிருள்ள மேல் மண்ணில் புதைத்து மூட வேண்டும் என்றார்.

ஆழக் குழி தோண்டினால் என்ன நடக்கிறது? வேலை செய்யும் மண்ணைத் தாண்டி, கழிவு நிலத்தடி நீருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறும். குழியின் அடியை அது தொட்டுவிட்டால், பிறகு குழியும் கிணறும் ஒன்றுதான்! காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் இந்த வழியாக வரக்கூடியவை.

இரண்டாவது ஆபத்து: மனித உயிர்

"காலத்துக்கும் அள்ள வேண்டியதில்லை" என்பது உண்மை அல்ல. எந்தக் குழியும் ஒரு நாள் நிரம்பும். மண்ணின் துளைகள் அடைபட்டாலும் தண்ணீர் இறங்காது. அப்போது அதை அள்ள ஆள் தேட வேண்டும்.

மூடிக் கிடந்த குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு சேர்ந்திருக்கும். அதிகம் சேர்ந்தால், உள்ளே இறங்கிய ஆள் இரண்டொரு மூச்சிலேயே சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்கக் குதித்தவனும் சாய்வான். செப்டிக் டேங்கில் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து மாண்டதாக வரும் செய்திகளுக்குக் காரணம் இதுவே.

பாதுகாப்பு இல்லாமல் இந்த வேலைக்கு ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் வரும். போன மகன் வருவானா?

இன்னொன்றும் உண்டு. குழிக்குள் இறங்க யாரைக் கூப்பிடுகிறார்கள்? பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட ஏழைகளைத்தான். ஒரு வீட்டின் தவறான குழி, இன்னொரு வீட்டின் பிள்ளையைக் கேட்கிறது.

செப்டிக் டேங்க் போதாதா?

செப்டிக் டேங்க் நல்லதுதான். அடியிலும் சுற்றிலும் பூசிய தொட்டி அது. கசடு அடியில் தங்கும். மேலே உள்ள தண்ணீர் வெளியேறும். ஆனால், வெளியேறும் தண்ணீர் சுத்தமானது அல்ல! அதில் நோய்க் கிருமிகள் உண்டு. அந்தத் தண்ணீரை உறிஞ்சு குழிக்கோ, கல் நிரப்பிய நீண்ட கால்வாய்க்கோ விட்டு, மண்ணில் இறக்க வேண்டும். பலர் இந்தப் பாதி வேலையை விட்டுவிட்டு, குழாயைத் தெருச் சாக்கடையில் திருப்பிவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை லாரி வைத்துக் கசடை உறிஞ்சவும் வேண்டும்.

இரட்டைக் குழி

சிறிய குடும்பத்துக்கு எளிய வழி இருக்கிறது. ஆழமான ஒரு குழிக்குப் பதிலாக, ஆழமில்லாத இரண்டு குழிகள்!

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒவ்வொரு குழியும் ஒரு மீட்டர் அகலம், ஒன்று முதல் ஒன்றேகால் மீட்டர் ஆழம் இருந்தால் போதும். அதாவது, ஏறக்குறைய நாலடி. இரண்டு குழிகளுக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும்.

சுவரைச் செங்கல்லால் தேன்கூடு போல இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். அந்த இடைவெளி வழியாகத் தண்ணீரும் வாயுவும் மண்ணுக்குள் போகும். அடியைப் பூசக் கூடாது. மேலே கனமான மூடி.

கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு வழியை அடைத்துவிட்டு, ஒரு குழியை மட்டும் பயன்படுத்த வேண்டும். சுமார் 3 ஆண்டில் அது நிரம்பும். அடைப்பை மாற்றினால் கழிவு இரண்டாவது குழிக்குப் போகும். முதல் குழி ஓய்வெடுக்கும்.

இரண்டு ஆண்டு ஓய்வில் நுண்ணுயிர்கள் தங்கள் வேலையை முடித்துவிடும். சீக்கிரம் சாகாத உருண்டைப் புழு முட்டைகளும் அதற்குள் அழிந்துவிடும். மிஞ்சுவது நாற்றமில்லாத, உலர்ந்த எரு. மண்வெட்டியால் வீட்டுக்காரரே அள்ளலாம்!

பீகாரைச் சேர்ந்த பிந்தேஷ்வர் பாடக் என்பவர் 1970-ல் 'சுலப்' என்ற அமைப்பைத் தொடங்கி, இந்த முறையை நாடெங்கும் பரப்பினார். மலம் அள்ளும் தொழிலிலிருந்து மனிதரை விடுவிப்பதே அவர் நோக்கம். 2023-ல் அவர் காலமானார்.

தில்லி அதிகாரி குழிக்குள்!

"எருவா? யார் தொடுவது?" என்று முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். 2017 பிப்ரவரியில், தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் உள்ள கங்காதேவிபள்ளி கிராமத்துக்குப் பல மாநில அதிகாரிகள் வந்தார்கள். மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர் அங்கே ஓய்வெடுத்து முடித்த குழிக்குள் இறங்கி, தம் கையாலேயே எருவை அள்ளினார்.

மண்ணைச் சோதியுங்கள்

எல்லா மண்ணும் ஒன்று அல்ல. திண்டுக்கல் மாவட்டத்தில் செம்மண் அதிகம். கரிசலும் உண்டு. அடியிலே கடினப் பாறை.

சோதனை எளிது. இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு சாண் அகலத்தில் இரண்டு மூன்று அடிக்குச் சிறு பள்ளம் தோண்டுங்கள். தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் மீண்டும் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குச்சியில் குறித்துப் பாருங்கள். ஓர் அங்குலம் இறங்க 30 நிமிஷத்துக்குள் ஆனால் நல்ல மண். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த இடத்தை நம்பக் கூடாது.

கரிசலில் தண்ணீர் மெதுவாக இறங்கும். அங்கே குழியைச் சுற்றி ஓர் அடிக்கு மணலும் உடைந்த செங்கல்லும் நிரப்ப வேண்டும். பாறை மேலாக வந்தால் குழியின் பாதியைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டி, சுற்றிலும் மண் அணைக்கலாம். ஆனால், வெடிப்புள்ள பாறையில் மிகுந்த எச்சரிக்கை தேவை. வெடிப்பு வழியே கழிவு வெகுதூரம் ஓடும். பொறியாளரைக் கேட்காமல் அங்கே குழி போடக் கூடாது.

மழைக்காலத்திலும் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 2 மீட்டர் மண் இருக்க வேண்டும். கிணறும் போர் குழாயும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடம் இருந்தால் 30 மீட்டர் விடுங்கள். கிருமியை மண் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட் என்ற உப்பைப் பிடிக்காது. தூரம்தான் அதற்குக் காவல்.

நிலத்தடி நீர் மேலாகவே உள்ள இடங்களில் குழியே ஆகாது. திருச்சி மாவட்டம், காவிரிக் கரையில் உள்ள முசிறியில், தரைக்கு மேலே தொட்டி கட்டி, மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து எருவாக்கும் கழிப்பறைகள் அமைந்தன. அதற்கு உழைத்த சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பெண்கள் கவனிக்க

கக்கூசைப் பெரும்பாலும் கழுவுகிறவர்கள் பெண்களே. அவர்கள் மூன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆசிட்டையும் பினாயிலையும் குடம் குடமாக ஊற்றக் கூடாது. ஊற்றினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் அந்தக் குழியில் விடக் கூடாது. அவற்றை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். துணி, பிளாஸ்டிக், சானிட்டரி நாப்கின் எதையும் கோப்பையில் போடக் கூடாது.

ஒரு குழி நிரம்பி அடைப்பை மாற்றும் நாளில், தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு முடியும் முன்னால் மூடியைத் திறக்காதீர்கள்.

அடுத்த முறை கொத்தனார் "பதினஞ்சு அடி" என்று சொன்னால், "நாலடி போதுமுங்க, ஆனா ரெண்டு குழி போடுங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் உங்கள் கிணறும் பிழைக்கும். ஒரு தாயின் பிள்ளையும் பிழைப்பான்.