விசிறி சுழல்கிறது, கணினி ஏன் அணைகிறது?

வீட்டுக் கணினி இரைச்சல் போடுகிறதே என்று பழைய குளிர்விசிறியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்துகிறார் ஒருவர். பொத்தானை அழுத்தியதும் விசிறி அழகாகச் சுழல்கிறது. ஐந்து நிமிடங்களில் கணினி தானாகவே அணைந்து போகிறது. மறுபடி முடுக்கினால் இன்னும் சீக்கிரம் அணைகிறது. 'புரோசசர் போய்விட்டது' என்று யாராவது சொல்ல, சில நூறு வெள்ளி செலவுக்கு வீடு தயாராகிவிடுகிறது. பெரும்பாலும் புரோசசருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அளவுக்கு மீறிச் சூடாகும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளவே அணைகிறது.

இப்படி நேரும்போது திரும்பத் திரும்ப முடுக்கிப் பார்ப்பது நல்லதல்ல. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் அணைந்தால் கோப்புகள் கெடலாம். பிள்ளைகளின் பள்ளி வேலையும் குடும்பப் படங்களும் அதில்தானே இருக்கின்றன!

சுழலும் விசிறி எதையும் நிரூபிப்பதில்லை. புரோசசரின் சூடு முதலில் அதன்மேல் அமரும் உலோக அடித்தட்டுக்கு ஏற வேண்டும். அதன் பிறகுதான் விசிறிக்கு வேலை. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அங்கே காற்று நிற்கும். காற்று சூட்டை எளிதில் கடத்தாது.

எனவே கணினியை முடுக்கியவுடன் பயாஸ் பக்கத்துக்குப் போய் வெப்ப அளவைக் கவனிக்க வேண்டும். 30 பாகை வெயில் அடிக்கும் நம் ஊர் அறையில் 40, 50 பாகை காட்டினால் கவலை இல்லை. ஓரிரு நிமிடத்தில் 80, 90 என்று ஏறினால் அடித்தட்டு சரியாக அமரவில்லை என்று கொள்ளலாம். ஆனால் ஒன்று: ரைசன் 7000 வரிசைப் புரோசசர்கள் கடும் வேலையின்போது 95 பாகைவரை போவது இயல்பே. அதைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை.

முதல் சந்தேகம் சிரிப்பை வரவழைக்கும். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்தியவர்கள் ஏராளம்.

அடுத்தது கால்கள். 2004-இல் வந்த எல்ஜிஏ 775 காலந்தொட்டு இன்டெல் பெட்டியோடு தரும் விசிறிக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. தலையில் உள்ள அம்புக்குறி கழற்றுவதற்கான திசை. அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அழுத்தினால் கால் பிடிக்காது. நான்கையும் அம்புக்கு எதிர்ப்புறம் திருப்பி வைத்து, மூலைக்கு மூலை எதிரெதிராக 'டக்' என்ற ஓசை வரும்வரை அழுத்த வேண்டும். பலகையின் பின்பக்கம் நான்கு முனைகளும் ஒரே அளவில் வெளியே தெரிகின்றனவா என்று பார்ப்பதே உறுதியான சோதனை. ஒரு கால் பிடிக்காவிட்டாலும் தட்டு ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். பலகையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துச் செய்தால் பாதித் தலைவலி தீரும்.

பழைய விசிறியைப் புதிய பலகைக்கு மாற்றுவோருக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. 2021-இல் வந்த எல்ஜிஏ 1700 பலகையில் துளைகளுக்கு இடையே 78 மில்லிமீட்டர். அதற்கு முந்தியவற்றில் 75. வெறும் 3 மில்லிமீட்டர்தான். வளைத்து மாட்டினால் அழுத்தம் சரியாக விழாது. அதற்குரிய மாற்றுச் சட்டத்தை வாங்குவதே வழி.

ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்து, பட்டாணி அளவு புதிய பசை வைக்க வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

ஏஎம்4 பலகையில் கழற்றும் வேலைதான் ஆபத்து. இறுகிப்போன பசை புரோசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும்; ஊசிகள் வளையும். பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டு, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பின் விசிறியை இடவலமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். 2022-இல் வந்த ஏஎம்5-இல் புரோசசரைச் சட்டம் ஒன்று பிடித்துக்கொள்வதால் இந்தப் பயம் இல்லை.

கணினி கொஞ்சமும் எழவில்லை என்றால் சூட்டைக் குறை சொல்ல முடியாது. இடம் வேண்டிப் பிடுங்கிய புரோசசர் மின்கம்பியைத் திரும்பச் செருக மறந்திருக்கலாம். நினைவகத் தகடு தளர்ந்திருக்கலாம். ஒருபக்கத் திருகாணியை அதிகம் முறுக்கினாலும் நினைவகம் தெரியாமல் போவதுண்டு. தளர்த்தி, மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் சில வேளைகளில் உயிர் வந்துவிடும்.

விசிறிப் பிழை என்று திரையில் எழுத்து வந்தால், செருகியைப் புரோசசர் விசிறிக்கான இடத்தில் அல்லாமல் பெட்டி விசிறிக்கான இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணம். மூன்று ஊசிச் செருகியுள்ள விசிறி ஓயாமல் முழு வேகத்தில் அலறினால், பயாஸில் அதன் கட்டுப்பாட்டை டிசி முறைக்கு மாற்றினால் இரைச்சல் அடங்கும்.