சஸ்பென்ஷனில் ஆலைக் குறையா? செலவின்றிச் சரிசெய்து கொள்ளலாம்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், குடும்பத் தேவைக்கும் பழைய காரோ சிறிய சரக்கு வண்டியோ வாங்கும் உழவர்கள் பலர். வாங்கும்போது என்ஜினையும் டயரையும் பார்க்கிறோம். சக்கரத்தை வண்டியோடு இணைத்து, மேடுபள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷனைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. வண்டி ஓடும்போது இதில் ஒரு பாகம் முறிந்தால், ஸ்டியரிங் நம் கட்டுக்குள் இராது.

ரீகால் என்றால் என்ன?

ஆலையில் தயாரிக்கும்போதே பாகத்தில் குறை நேர்ந்துவிட்டது தெரியவந்தால், குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சோதிக்கும். குறையை இலவசமாகச் சரிசெய்து தரும். இதுவே 'ரீகால்'. வண்டியைப் பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்ச வேண்டாம். வேலை முடிந்ததும் வண்டி உங்களிடமே வந்துவிடும்.

நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. சென்னை ஃபோர்டு ஆலையில் 2017 மே, ஜூன் மாதங்களில் தயாரான 4,379 எக்கோஸ்போர்ட் கார்களை, முன்சக்கரத்தின் கீழ்க்கையில் உள்ள வெல்டிங்கைச் சோதிப்பதற்காக 2018-ல் அந்நிறுவனம் அழைத்தது. அதற்கு முன் 2013-ல், பின்புற சஸ்பென்ஷன் விட்டம், பவர் ஸ்டியரிங் குழாய் ஆகியவற்றுக்காக 1,66,021 ஃபிகோ, கிளாசிக் கார்கள் அழைக்கப்பட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தயாரிக்கப்பட்டு ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இவ்விதிகள் பொருந்தும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் புகார்கள் சேர்ந்தால் விசாரணை நடக்கும். ஆகவே உங்கள் ஒரு புகாரும் கணக்கில் சேரும். அதை அரசின் 'வாகன்' இணையதளத்தில் பதிவு செய்யலாம்.

பழைய வண்டி வாங்கியவர்கள் கவனிக்க!

நிறுவனத்தின் கடிதம் முதலில் வாங்கியவரின் முகவரிக்கே போய்விடக்கூடும். ஆனால் ரீகால் என்பது ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்தல் நலம்:

1. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். ரீகால் வேலை நிலுவையில் உள்ளதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

2. ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றி, தொலைபேசி எண்ணையும் சர்வீஸ் நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

3. வேலை முடிந்ததும், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதிய ரசீது பெறுங்கள். ரீகால் வேலைக்குக் கூலியோ பாக விலையோ கேட்டால், நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

அறிகுறிகள்

வண்டி ஒரு பக்கமாக இழுத்தல், பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' என்ற ஓசை, ஒரு பக்கம் தாழ்ந்து நிற்றல், டயர் ஓரத்தில் மட்டும் தேய்தல் ஆகியவை தென்பட்டால், பாரம் ஏற்றாமல் உடனே சோதிக்க வேண்டும். இவை தேய்மானத்தாலும் வரலாம். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி ஒடிந்த ஸ்பிரிங் பட்டை ஆலைக் குறை ஆகாது.

விரிசல் விட்ட பாகத்தை உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து. அரிவாளைத் தீயில் போட்டால் பதம் போய்விடும் என்பதை நாம் அறிவோம். ஸ்பிரிங் பட்டையின் எஃகும் அப்படித்தான். பாகத்தை மாற்றுவதே முறை.

அறுவடைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி இந்தச் சோதனையை முடித்துவிட்டால், மூட்டைகளும் அவற்றோடு செல்பவர்களும் பத்திரமாகச் சந்தை சேரலாம்.