காய்ச்சல் போயிடுச்சு... மூச்சிரைப்பு ஏன் போகலை?

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலையில் ஏறி இறங்கிப் பிழைப்பவர்களுக்கு நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதை அந்த மேடே சொல்லிவிடும். நேற்று வரை நிற்காமல் ஏறியவர், ஒரு பெரிய காய்ச்சலுக்குப் பிறகு பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். ``படுத்து எழுந்த உடம்புல்ல... நாலு முட்டை சாப்பிட்டா சரியாயிடும்'' என்பார்கள் வீட்டில்.

பல நேரம் அது சரிதான். ஆனால், கொரோனா, இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்கள் கடுமையான நிமோனியாவை உண்டாக்கியிருந்தால், வைரஸ் ஒழிந்த பிறகும் நுரையீரலில் தழும்பு தங்கிவிடலாம். `ஃபைப்ரோசிஸ்' என்பது இதைத்தான். கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரை வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, 100-க்கு 44 பேருக்கு ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கும் திறன் குறைந்திருந்தது. அத்தனை பேருக்கும் தழும்பு என்று அர்த்தமில்லை. ஆனால், அலட்சியப்படுத்தவும் முடியாது.

உள்ளே என்னதான் நடக்கிறது? நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் உள்ளன. அவற்றின் சுவரில் இரண்டு வகை செல்கள். முதல் வகை மிக மெல்லியது. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவது இதன் வழியாகத்தான். இரண்டாம் வகை, பைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு திரவத்தைச் சுரக்கும். முதல் வகை செத்தால், இதுவே பெருகி, முதல் வகையாக மாறி ஓட்டையை அடைக்கும். கொரோனா வைரஸ் முக்கியமாகத் தாக்குவது இந்த இரண்டாம் வகையை. சுவர் இடிந்த அன்றே கொத்தனாருக்கும் அடிபட்ட கதை!

பிழைத்த செல்கள் மாறத் தொடங்கி, சிலருக்குப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. பழைய வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை. கொரோனாவில் இறந்தவர்களின் நுரையீரலில் இப்படிப்பட்ட `நடுவழி' செல்களை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். காயம் ஆறவில்லை என்ற சமிக்ஞை தொடர்ந்து போக, நார் செல்கள் கொலாஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். முழங்காலில் தழும்பு விழுந்தால் நஷ்டமில்லை. காற்றுப்பையின் சுவர் தடித்தால், ஆக்சிஜன் உள்ளே போகாது.

எதுவரை போகும்? 2020 ஆகஸ்ட்டில், கொரோனாவால் இரு நுரையீரல்களும் நாராகிப்போன 48 வயதுக்காரருக்கு, சென்னை எம்.ஜி.எம் ஹெல்த்கேர் மருத்துவமனையில் இரண்டையுமே மாற்ற வேண்டியிருந்தது.

இது அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் செல்லச் செல்ல நுரையீரல் தேறிவிடுகிறது. மூன்று மாதமாகியும் இரைப்பும் வறட்டு இருமலும் விடவில்லை என்றால்தான் கவலை. ஆக்சிமீட்டரை உட்கார்ந்தபடியே வைத்துப் பார்த்துவிட்டு `97 இருக்கு' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஆறு நிமிடம் நடந்த பிறகும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது எண் இறங்கினால், நெஞ்சக மருத்துவர் ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும் எழுதுவார்.

தழும்பு வளர்ந்துகொண்டே போனால் அதன் வேகத்தைக் குறைக்க நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் போன்ற மருந்துகள் உண்டு. விழுந்த தழும்பை அவை அழிக்காது. சிலருக்கு ஸ்டீராய்டு உதவும். ஆனால், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடுவது, சர்க்கரையை ஏற்றி வேறு வம்பை இழுத்துவிடும்.

இன்னொன்று... விறகடுப்புப் புகையில் நிற்பவரா, பூஞ்சை பிடித்த கரும்புச் சக்கைத் தூசியில் வேலை செய்தவரா? சக்கைத் தூசியும் நுரையீரலில் தழும்பை உண்டாக்கக்கூடியது. டாக்டர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லிவிடுங்கள்.