நீர்க்களையும் அதன் நேர்ப்பகையும்

ஆப்பிரிக்காவின் சாம்பெசி ஆற்றின் குறுக்கே எழுந்த கரீபா அணையில் 1958 டிசம்பரில் நீர் தேக்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டே அந்நீர்ப்பரப்பில் பச்சைத் திட்டுகள் தென்பட்டன. 1962-இல் அவை ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடிவிட்டன. இவ்வளவையும் விளைத்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீர்ப்பெரணி. அதன் பெயர் சால்வீனியா. தென் அமெரிக்காவில் தோன்றிய இச்செடி, அழகுக்காகவும் ஆய்வுக்காகவும் கண்டங்கள் பல கடந்தது. கொழும்புக்கு 1939-இல் தாவரவியல் ஆய்வுக்கென வந்தது, பின்னர் இலங்கையின் குளங்களிலும் வயல்களிலும் பரவியது. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று மக்கள் அழைக்கும் களையும் இதுவே.

இக்களையை இறுதியில் அடக்கியது இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கூன்வண்டு. ஆயினும், அவ்வண்டைக் கண்டடைவதற்கு முன் அறிவியலார் பல்லாண்டுகள் வழிதவறி அலைந்தனர். களை எது, அதன் பகை எது என்பதைப் பிழையறத் தெளிந்த பின்னரே வெற்றி கைகூடியது. உயிரியல் கட்டுப்பாடு என்னும் துறையின் அடித்தளம் வகைப்பாட்டியலே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது.

களையின் ஆற்றல்

சால்வீனியாவின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் உண்டு. இரண்டு நீர்மேல் மிதக்கும். மூன்றாவது இழை இழையாகப் பிளந்து நீருக்குள் தொங்கும். வேர்போல் தோன்றும் அது உண்மையில் இலையே. இச்செடிக்கு வேர் இல்லை. மிதக்கும் இலையின் மேற்புறத்தைக் கைவில்லையால் நோக்கினால், நுண்மயிர்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு மயிர்க்காம்பும் நான்காகப் பிரிந்து, நுனியில் மீண்டும் ஒன்றுகூடி, சிறு கூண்டாக அமைந்துள்ளது. அக்கூண்டுகள் காற்றைப் பிடித்துவைத்து நீரை விலக்குகின்றன. அதனால் இலையை நீருள் அமிழ்த்தினாலும் நனையாது மேலெழும். களைக்கொல்லித் துளிகளும் இலையில் எளிதில் படிவதில்லை.

இச்செடியின் உயிரணுக்களில் ஐந்து தொகுதிகளாக 45 குரோமோசோம்கள் உள்ளன. இந்த ஒற்றைப்படை அமைப்பால் அது மலடு. வளமான வித்துகள் உருவாவதில்லை. எனினும் தண்டு ஒடிந்து விழும் ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகிறது. வெப்பமும் ஊட்டமும் நிறைந்த நீரில் இரண்டு மூன்று நாளில் அதன் அளவு இரட்டிக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கொண்டாலும், ஒரே செடி 30 நாளில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். செடிமேல் செடி நெருங்கிப் படலம் தடித்ததும், கதிரொளி நீருள் புகாது, உயிர்வளி குறையும், மீன்வளம் நலியும், படகுப் போக்குவரத்தும் பாசனமும் தடைப்படும்.

தவறிய தேடல்

ஓர் உயிரினம் தன் தாயகத்தில் எல்லை மீறிப் பெருகாதிருப்பதற்கு, அதனை உண்டு வாழும் பகையுயிர்கள் முதன்மையான காரணம். அயல்நிலம் புகும்போது அப்பகைகள் உடன்வருவதில்லை. தாயகத்துக்குச் சென்று பகையைக் கண்டறிந்து, ஆய்ந்து, களை பரவிய இடத்தில் விடுவதே உயிரியல் கட்டுப்பாட்டின் நெறி.

இந்நெறிப்படி 1960-களில் தேடல் தொடங்கியது. பரவிய களையை அன்று ‘சால்வீனியா ஆரிகுலாட்டா’ என்னும் இனமாகவே கருதினர். அவ்வினம் வளர்ந்த டிரினிடாட், கயானா பகுதிகளிலிருந்து ஒரு வெட்டுக்கிளியும், ஓர் அந்துப்பூச்சியும், ஒரு கூன்வண்டும் திரட்டப்பட்டன. இவற்றை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் வெவ்வேறு இடங்களில் விட்டுப் பார்த்தனர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை.

தாவரவியலார் டி. எஸ். மிச்சல், 1972-இல் இக்களை தனியொரு இனம் என நிறுவி ‘சால்வீனியா மோலெஸ்டா’ எனப் பெயரிட்டார். அதுவரை தேடிய இடமே பொருந்தாத இடம் என்பது அப்போது விளங்கிற்று. ஆஸ்திரேலியாவின் சிசைரோ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வெண்டி ஃபார்னோவும் கென் ஹார்லியும் 1978-இல் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியில் இதன் உண்மைத் தாயகத்தைக் கண்டறிந்தனர். அங்கே களை கட்டுக்குள் இருந்தது. அதில் ஒரு கூன்வண்டும் இருந்தது.

முன்னர்ப் பயன்தராத வண்டையே அதுவும் ஒத்திருந்தமையால், முதலில் இரண்டும் ஓரினம் என்றே எண்ணினர். நடத்தையிலோ வேறுபாடு பெரிது. புதிய வண்டு செடியின் நுனிமொட்டுகளை விரும்பித் தின்னும். அதன் புழு தண்டினுள் துளைத்துச் சென்று உள்ளிருந்தே அரிக்கும். மொட்டும் தண்டும் ஒருங்கே அழியும்போது, துண்டுகளால் பெருகும் செடிக்குப் பிழைக்க வழியில்லை. 1985-இல் இவ்வண்டும் புதிய இனமாக அறிவிக்கப்பட்டு, ‘சைர்ட்டோபேகஸ் சால்வீனியே’ என்னும் பெயரைப் பெற்றது.

இரு நீர்நிலைகள்

அயல்நாட்டு வண்டை வெளியில் விடுமுன், அது பயிர்களைத் தின்னுமா என்று அறிதல் கடமை. அடைப்புக்குள் வைத்துப் பல்வேறு தாவரங்களை அதன்முன் இட்டுச் சோதித்தனர். சால்வீனியாவை விட்டால் அவ்வண்டுக்கு வாழ்வில்லை என்பது உறுதியான பின்னரே, 1980 ஜூனில் குவீன்ஸ்லாந்தின் மவுண்ட் ஐசா நகரை அடுத்த மூண்டாரா ஏரியில் விட்டனர். ஏறத்தாழ 200 ஹெக்டேர் பரப்பை மூடியிருந்த 18,000 டன் களை, 1981 ஆகஸ்டுக்குள் பழுப்பேறி நீரில் அமிழ்ந்து மறைந்தது.

பப்புவா நியூ கினியின் செப்பிக் ஆற்றுச் சமவெளியில் இடர் இன்னும் பெரிது. 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு மூடுண்டு, ஆற்றையே சாலையாகக் கொண்ட மக்கள் மீன்பிடிக்கவும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லவும் இயலாது தவித்தனர். சில ஊர்கள் கைவிடப்பட்டன. அங்கே வண்டுகளை விட்டபோது அவை பெருகவில்லை. காரணத்தை ஆராய்ந்தவர்கள் செடியின் தழைச்சத்து மிகக் குறைவாக இருப்பதைக் கண்டனர். சத்தற்ற உணவில் வண்டு எங்ஙனம் பெருகும்? எனவே சிறு பகுதிகளில் யூரியா இட்டுக் களையையே ஊட்டி வளர்த்தனர். வண்டுகள் பெருகின. அவை கடித்த செடிகள் தழைச்சத்து மிக்க புதுத்தளிர்களை விட, பின்னர் யூரியாவே தேவைப்படவில்லை. 1985 அளவில் களை ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அழிக்க வேண்டிய களைக்கு உரமிடும் துணிவு, செடிக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை நுணுகி அறிந்தவர்க்கே வாய்க்கும். இப்பணிக்காகச் சிசைரோவின் ஆய்வுக்குழு 1985-இல் யுனெஸ்கோ அறிவியல் பரிசைப் பெற்றது.

அதே காலத்தில் வண்டு நம் பகுதிக்கும் வந்தது. பெங்களூரில் ஓர் அல்லிக்குளத்தில் விட்டபோது 11 மாதங்களில் களை நீங்கி, அல்லி மீண்டும் தழைத்தது. தொடர்ந்து கேரளத்தின் குட்டநாட்டு வாய்க்கால்களும் வயல்களும் பயன்பெற்றன. இலங்கையில் 1986 முதல் வண்டுகள் விடப்பட்டன. அங்கே இட்ட ஒரு ரூபாய்க்கு 53 ரூபாய் அளவில் நன்மை திரும்பியது என 1989-இல் வெளிவந்த பொருளியல் மதிப்பீடு கணித்தது.

எல்லையும் கடமையும்

உயிரியல் கட்டுப்பாடு களையை வேரறுப்பதில்லை. களை குறைந்தால் வண்டும் குறையும். எஞ்சிய களையில் எஞ்சிய வண்டு வாழும். மீண்டும் களை தலையெடுத்தால் வண்டும் பெருகும். இச்சமநிலையே அதன் பயன். கடுங்குளிர் நிலவும் இடங்களில் வண்டு மடிவதால் மீண்டும் மீண்டும் விட வேண்டியிருக்கிறது.

எல்லாக் களைக்கும் இவ்வளவு எளிதில் விடை கிடைப்பதுமில்லை. தமிழகத்து நீர்நிலைகளை மூடும் ஆகாயத்தாமரைக்கும் கூன்வண்டுகள் உண்டு. அவை 1980-களிலேயே இந்தியாவில் விடப்பட்டன. ஆனால் அச்செடி விதையாலும் பெருகும். சாக்கடை கலந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த நீரில், வண்டு தின்னும் விரைவை விஞ்சி வளரும். அங்கே வண்டை மட்டும் விட்டுவிட்டுக் கழிவுநீரைத் தடுக்காதிருப்பது, களைக்கு நாமே நாள்தோறும் உணவிடுவதாகும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று. அயல்நாட்டு நீர்ச்செடிகளை அழகு கருதி வாங்கி வளர்த்து, பின் வாய்க்காலில் வீசுவதைத் தவிர்க்க வேண்டும். நீர்நிலைகளில் கழிவுநீர் கலப்பதை நிறுத்த வேண்டும். மூன்றாவது, செடியையும் பூச்சியையும் இனம்பிரித்தறியும் வகைப்பாட்டியலை நம் பல்கலைக்கழகங்கள் பேணி வளர்க்க வேண்டும். உலர்செடித் தொகுப்புகளுக்கும் பூச்சிக் காட்சியகங்களுக்கும் செலவிடும் பணத்தை வீணெனக் கருதுவோர் உளர். சால்வீனியாவின் வரலாறு அவர்களுக்கு விடை கூறும்: ஓரினத்தை மற்றோரினமாகக் கருதிய ஒரு பிழையால் பல நாடுகள் பல்லாண்டுகள் துன்புற்றன, அப்பிழை திருந்தியதும், இரண்டு மில்லிமீட்டர் வண்டால் அந்நாடுகளின் நீர்நிலைகள் மீண்டன.