ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு நம்பிக்கைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் மத்திய அரசு நிறுவனங்களின் சொல்லுக்கு இரண்டு விலை. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி தேக்கலாம் என்ற மத்திய நீர் ஆணையத்தின் சொல் தேனிக் கடைத்தெருவில் கேள்வியின்றிச் செல்லுபடியாகிறது. பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டினால் ஆபத்தில்லை என்று அணுசக்தித் துறை சொன்னபோது, ‘அவங்க அப்படித்தான் சொல்வாங்க’ என்றது அதே கடைத்தெரு.

இதை அறியாமை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. சூரியனின் நியூட்ரினோக்கள் நொடிதோறும் நம் உடம்பைக் கெடுதலின்றிக் கடக்கின்றன. துகள் பற்றிய பயத்தை விளக்கித் தீர்த்திருக்கலாம். சந்தேகம் வளர்ந்தது நடைமுறையில். 2011இல் தந்த சுற்றுச்சூழல் அனுமதியை 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது: அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரம் இல்லை. 2018இல் அதே திட்டம் ‘கட்டடப் பணி’ என்ற பிரிவில் அனுமதி பெற்றது. அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை. மலையைக் குடையறது கட்டடம் கட்டுறதாம்!

சரி, நீர் ஆணையத்தை நாம் நம்புவது மட்டும் அறிவின்பாற்பட்டதா? மலைக்கு அந்தப்பக்கம் இடுக்கியில் அதே சொல்லைச் சந்தேகிக்கிறார்கள். நமக்குத் தண்ணீர், அவர்களுக்குப் பயம். நம்பிக்கை நலனோடு ஒட்டியே பிறக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேரளம் எதிர்த்து வழக்காடியது. உச்ச நீதிமன்றம் அமைத்த ஆனந்த் குழு அணையை ஆராய்ந்தது. 2014இல் தீர்ப்பு வந்தது. எதிராளி உரசிப் பார்த்த சொல் அது. பொட்டிப்புரத்தாருக்கு அந்த உரைகல்லை 2018 அனுமதி கொடுக்கவில்லை.

நமக்கும் இடுக்கிக்காரருக்கும் பொட்டிப்புரத்தாருக்கும் உரசிப் பார்க்கும் உரிமையை ஒரே அளவில் கேட்பதே எழுதுகிறவர்களின் வேலை என்பேன்.