ஓடும்போது மனம் எங்கே இருக்க வேண்டும்?

பொழுது விடியும் முன்பே தஞ்சாவூர் புது ஆற்றங்கரையிலும் காவிரி டெல்டாவின் கிராமத்துச் சாலைகளிலும் இளைஞர்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். பலருக்கு இலக்கு போலீஸ் வேலை. காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கால்களுக்குத் தினமும் பயிற்சி நடக்கிறது. கடைசிச் சுற்றில் ‘இனி முடியாது’ என்று முரண்டுபிடிக்கும் மனத்துக்கு யாரும் பயிற்சி தருவதில்லை.

ஓடும்போது கவனம் எங்கே இருக்கிறது என்பதை 1977-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் மார்கனும் மைக்கேல் பொல்லாக்கும் ஆராய்ந்தார்கள். சாதாரண ஓட்டக்காரர்கள் களைப்பை மறக்க வேறு எதையாவது நினைத்துக்கொண்டு ஓடினார்கள். முன்னணி மாரத்தான் வீரர்களோ மூச்சு, தசை, பாதம் என உடல் சொல்வதைக் கேட்டு, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள்.

அப்படியென்றால் மூச்சையே கவனித்துக்கொண்டு ஓடலாமா? ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஷூக்கரின் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. டிரெட்மில்லில் ஒரே வேகத்தில் ஓடியவர்கள், சுற்றுப்புறத்தைக் கவனித்தபோது குறைவான ஆக்சிஜனே செலவழித்தார்கள். மூச்சிலோ கால் அசைவிலோ கவனம் வைத்தபோது செலவு கூடியது. உடல் எப்படி இருக்கிறது என்று வெறுமனே உணர்வதால் அந்த இழப்பு இல்லை என்பதை இக்குழுவின் அடுத்த ஆய்வு காட்டியது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மூச்சையும் ஓட்டத்தின் தாளத்தையும் மூளைத்தண்டும் தண்டுவடமும் பெரும்பாலும் தாமாகவே நடத்துகின்றன. ஓடும் மனிதர்களிடம் நான்கு எட்டுக்கு ஒரு மூச்சு என்ற இசைவு அதிகம் தென்படுவதை 1983-ல் ஆய்வாளர்கள் பிராம்பிளும் கேரியரும் பதிவுசெய்தார்கள். தானாக நடக்கும் வேலையில் நாம் குறுக்கிட்டால் அந்தத் தாளம் கெடுகிறது. மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நடக்கும் விவசாயி தண்ணீரைத் தள்ளுவதில்லை. எங்கே பாய்கிறது, எங்கே உடைப்பு என்று பார்க்கிறார். ஓடுபவரின் கவனமும் அப்படி இருந்தால் போதும்.

இந்தப் பாடம் காவிரிக் கரைக்குப் புதிதல்ல. 5-ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுப் பௌத்தத் துறவி புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் தங்கிப் பாலி மொழியில் நூல்கள் எழுதினார். முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. அந்த மரபின் தியான முறையில் நடப்பதும் ஒரு பயிற்சி. மூச்சு நீளமாக இருந்தால் நீளம் என்று அறிய வேண்டும். அதை இழுத்து நீட்ட வேண்டியதில்லை. மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் 1979-ல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்குக் கொண்டுபோனதும் பௌத்தத்தின் இந்தக் கவனப் பயிற்சியைத்தான்.

நாளைக் காலையே தொடங்கலாம். இயர்போனை வீட்டில் வைத்துவிடுங்கள். பின்னால் வரும் டிராக்டரின் சத்தமும் கேட்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் பாதம் மண்ணைத் தொடுவதை மட்டும் உணருங்கள். காய்ந்த களிமண் கரையில் அது ஒரு விதம், தார்ச்சாலையில் வேறு விதம். பிறகு முகத்தில் படும் காற்று, வாய்க்கால் சத்தம். மனம் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஓடினால் திட்டாமல் கூட்டி வாருங்கள். மூச்சு வாங்கினால் வாங்குகிறது என்று அறிந்து வேகத்தைச் சற்றே குறையுங்கள். சுருக்கென்று குத்தும் வலியோ, நெஞ்சில் இறுக்கமோ, தலைசுற்றலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள். ஈரப்பதம் மிகுந்த டெல்டாவில் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் சூடேறுவதை முதலில் உணர்பவர் ஓடுபவர்தான்.

பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஓட்ட நேரத்தைக் குறிக்கும் நோட்டில், அன்று உடல் எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தன் உடலைக் கேட்கத் தெரிந்த பிள்ளை, தேர்வு முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பான்.